தூம்பைத் திறக்கும் கை

மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து கிழக்கே பார்த்தால் எதிர்க்கரையில் வில்லிங்டன் தீவு தெரியும். 1920-இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டிக் காயலை ஆழப்படுத்தினார். அப்போது தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய நிலம்தான் அது. வடக்கே தெரியும் வைப்பின் தீவோ, 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அந்த வெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சிக்கு வாயைத் திறந்து, வண்டலை ஒதுக்கி வைத்துப் போனது என்பது இங்கே வழங்கிவரும் வரலாறு. அப்படி வைத்ததனால் வைப்பின். இந்த ஊரில் நிலமும் நீரும் இன்னும் தங்கள் எல்லையைப் பேசி முடிக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்றாலும், தட்டையான இந்தக் கரையில் அந்த ஒரு மீட்டர் பல கிலோமீட்டர் உள்ளே போய்விடும். அப்படி உப்பு ஏறி இறங்கும் இடைநிலத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அதில் நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான்: கொச்சியின் உப்புச் சதுப்பை இதுவரை உயிரோடு வைத்திருந்தது உழவனின் கை. அந்தக் கையை விலக்கிவிட்டு அங்குள்ள பறவைகளையும் மீன்களையும் மட்டும் காப்பாற்ற முடியாது.

உப்புச் சதுப்பு என்றால் ஐரோப்பாவில் உப்பைத் தாங்கும் புல்வெளி. ஓதம் ஏறும்போது முழுகி, இறங்கும்போது தலைதூக்கும் புல். வெப்பநாடுகளில் அந்த இடத்தைப் பெரும்பாலும் கண்டல் மரங்கள் பிடித்துக்கொள்கின்றன. பழைய நெய்தல் பாட்டுகளில் வரும் ‘கண்டல்’ என்ற அதே சொல், மலையாளத்தில் இன்றைக்கும் மீன்காரர் வாயில் புழங்குகிறது. வேர்களைத் தாறுமாறாக நாலாபக்கமும் ஊன்றி நிற்கும் சுரபுன்னையை அவர்கள் ‘பிராந்தன் கண்டல்’, அதாவது பைத்தியக் கண்டல் என்கிறார்கள். நம் கழுதைமுள்ளி அங்கே ‘சுள்ளிக்கண்டல்’. ஆனால் கொச்சியைச் சுற்றி இப்போது மிஞ்சியிருப்பவை சிறு சிறு கண்டல் திட்டுகள்தான். இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021 அறிக்கை தமிழ்நாட்டுக்கு 45 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு காட்டுகிறது. கேரளம் முழுவதற்கும் காட்டுவது 9 மட்டுமே. அப்படியானால் வைப்பினிலும் கும்பளங்கியிலும் செல்லானத்திலும் ஓதம் ஏறி இறங்கும் அந்தப் பரந்த வெளியில் என்னதான் வளர்கிறது? புல்தான் வளர்கிறது. அதற்குப் பெயர் பொக்காளி. அது ஒரு நெல். நெல்லும் புல்லினம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இங்கிலாந்தின் கடற்கரையில் காட்டுப்புல் நிற்கும் அதே இடத்தில், கொச்சியில் மனிதன் விதைத்த நெல் நிற்கிறது.

உப்பில் நெல் விளைவது எப்படி என்பதில் இருக்கிறது இந்த நிலத்தின் சூட்சுமம். ஏப்ரல் நடுவில், விஷு நெருங்கும் வேளையில், வயலில் நிற்கும் உப்புநீரைத் தூம்பு வழியாக வடிக்கிறார்கள். தூம்பு என்பது வரப்பில் பலகை போட்டு மூடித் திறக்கும் மதகு. தமிழிலும் அது பழைய சொல்லே. சேறு காய்ந்ததும் மண்ணைக் கொத்திச் சிறுசிறு மேடுகளாகக் குவிக்கிறார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது அந்த மேடுகளின் உப்பு கரைந்து இறங்கி, வடிந்து, ஓதத்தோடு கடலுக்குப் போய்விடுகிறது. முளைகட்டிய விதையை மேட்டின் தலையில் விதைக்கிறார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு மேட்டை நாற்றோடு வெட்டி வயல் முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு உரமில்லை, பூச்சிமருந்தில்லை. ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வளர்ந்து, வெள்ளம் வந்தால் அதற்கு மேலே தலையை நீட்டி நிற்கும் பயிர் அது. அக்டோபர், நவம்பரில் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கதிரை மட்டும் அறுக்கிறார்கள். தாளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உப்பைத் தாங்கும் நெல்லைத் தேடியபோது பொக்காளியைத்தான் கலப்புக்கு எடுத்தார்கள். தண்டிலும் இலையிலும் சோடியம் சேராமல் காக்கும் மரபணுப் பகுதி அதில் கண்டறியப்பட்டு, ‘சால்டால்’ என்று பெயரிடப்பட்டு, பல நாட்டு நெல் ரகங்களுக்குள் ஏற்றப்பட்டிருக்கிறது. கடல்நீர் உள்ளே வரும் காலத்தில் உலகத்துக்கே தேவைப்படும் ஒரு குணத்தை இந்தச் சேற்று உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைநெல்லில் கட்டிக் காத்துவந்தார்கள்.

அறுவடைக்குப் பின் வயலில் விட்ட தாள் அழுகுகிறது. அழுகும் தாளில் பாசி படர்கிறது, புழு பெருகுகிறது. நவம்பர் நடுவில் தூம்பு மறுபடி திறக்கிறது. இம்முறை உப்புநீரை உள்ளே விடுவதற்கு. இறாலின் வாழ்க்கை இரண்டு வீடுகளில் நடப்பது. கடலில் முட்டையிடும், குஞ்சு காயலுக்கு வந்து வளரும், வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பும். இரவு ஓதத்தில் தூம்பு வாயில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் வெளிச்சத்தைத் தேடிக் குஞ்சுகள் நீரோடு வயலுக்குள் நுழைந்துவிடுகின்றன. நாரன், தெள்ளி, சூடன் என்று கொச்சியில் அழைக்கப்படும் இறால்கள் தாள் மக்கிய அந்தச் சேற்றைத் தின்று பருக்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களில், நீர் வெளியேறும்போது தூம்பில் வலை கட்டிப் பிடிக்கிறார்கள். இதுதான் ‘செம்மீன் கெட்டு’. கூடவே மடவை, பால் கெண்டை, கரிமீன், களிநண்டு எல்லாம் வருகின்றன. கடலிலிருந்து குஞ்சு வரும் இதே மாதங்களில் வானத்திலிருந்தும் விருந்தாளிகள் வருகிறார்கள். மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் விட்டுக் கிளம்பிய பொறி உள்ளானும் உப்புக்கொத்தியும், நீர் இறங்கி வெளிப்படும் சேற்றில் அலகால் துழாவுகின்றன. மீசை ஆலாக்கள் செல்லானத்துக்கு அருகிலுள்ள கண்டக்கடவு வயல்களின் மேல் வட்டமிட்டு மீனைக் கொத்தி எடுக்கின்றன. நெடுங்கால் உள்ளான் கொஞ்சம் ஆழத்தில், கொக்கு அதைவிட ஆழத்தில், நீர்க்காகம் முழுகியே. அலகின் நீளமும் காலின் உயரமும் எப்படியோ, அதற்கேற்ற ஆழத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வேண்டும். தூம்பை வைத்து நீரை ஏற்றியும் இறக்கியும் உழவன் அத்தனை ஆழங்களையும் அறியாமலே உண்டாக்கிக் கொடுக்கிறான். காயலும் கரையும் மட்டும் இருந்து நடுவில் இந்த வயல் இல்லாமல் போனால், ஆழமான நீரும் வறண்ட மேடும்தான் மிஞ்சும். உள்ளானுக்கு இரண்டிலும் வேலையில்லை.

பறவைக்காக ஓரிடத்தை வேலியிட்டுச் சரணாலயம் ஆக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கொச்சியே அதற்குச் சோதனைக்களமாக இருக்கிறது. எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்றத்தின் பின்புறம் மங்களவனம் என்ற கண்டல் தோப்பு 2004-இல் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 2.74 ஹெக்டேர், ஏழு ஏக்கருக்கும் குறைவு. காயலோடு அதை இணைப்பது ஒரு குறுகிய வாய்க்கால். வக்காவும் நீர்க்காகமும் அங்கே அடைகின்றன. ஆனால் அந்த ஏழு ஏக்கர் அத்தனை வயிற்றையும் நிரப்பாது. அவை இரை தேடிப் போவது சரணாலயத்துக்கு வெளியே, காயலோரத்துக்கும் தீவுகளின் வயல்களுக்கும். உறங்கும் இடத்துக்குச் சட்டம் காவல் நிற்கிறது; உண்ணும் இடம் யாருடைய கணக்கிலும் இல்லை. மங்களவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் காப்பாற்றிய மக்கள் பெரிய காரியம் செய்தார்கள். ஆயினும் வெளியே உள்ள வயல் போய்விட்டால் உள்ளே உள்ள மரம் வெறும் கிளையாகவே நிற்கும்.

இந்த இடத்தில் ஓர் எதிர்ப்பு எழுகிறது, நியாயமான எதிர்ப்புதான். பறவை உழவனின் நண்பனா? கண்டக்கடவுப் பக்கத்தில் நீலத் தாழைக்கோழிகள் கூட்டமாக இறங்கி இளம் பொக்காளிப் பயிரை நாசம் செய்வதாக உழவர்கள் புலம்புவது வெறும் பேச்சல்ல. பயிர் குறைந்து ஓரிரண்டு வயல்கள் மட்டும் பச்சையாக நிற்கும்போது, முன்பு நூறு வயல்களில் பரவி மேய்ந்த பறவை இப்போது அந்த ஒன்றிரண்டில்தானே இறங்கும்? பயிர் செய்பவர் குறையக் குறைய, மிஞ்சியவரின் இழப்பு கூடுகிறது. ஆக, பறவையை விரட்டுவதைவிடப் பயிர்ப்பரப்பைக் கூட்டுவதே பரிகாரம். இன்னொரு எதிர்ப்பு, கொச்சி என்றாலே எல்லாருக்கும் நினைவு வரும் கொசு. யானைக்கால் நோய்க்கு ‘கொச்சிக் கால்’ என்றே ஆங்கிலேயர் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த நோயைப் பரப்பிய கொசுக்கள் எங்கே வளர்ந்தன என்று பார்க்க வேண்டும். சேர்த்தலைப் பக்கத்தில் ஒரு வகை, நன்னீர்க் குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றி வளர்ந்தது. நகரத்துள் இருந்த வகை, ஓட்டமில்லாத சாக்கடையில் வளர்ந்தது. உவர்நீரிலும் சில கொசுக்கள் முட்டையிடும் என்பது உண்மை. என்றாலும் ஓதம் தினமும் அலசிவிட்டுப் போகும், மீன் நிறைந்த வயலைவிட, அடைபட்ட கால்வாய்தான் மட்டாஞ்சேரிக்கு ஆபத்து.

எல்லாவற்றையும்விட வலுவான எதிர்ப்பு பணம். பொக்காளி விளைச்சல் குறைவு. இயந்திரம் இறங்காத சேறு. இடுப்பளவு நீரில் நின்று அறுக்க இன்று யாருக்கும் மனமில்லை, அதில் குற்றமும் இல்லை. புவிசார் குறியீடு கிடைத்தும் நெல்லின் விலை கூலியைத் தாண்டுவது அரிது. இறாலோ கையில் பணம் தருகிறது. அதனால் ஆண்டு முழுக்க உப்புநீரைத் தேக்கி இறால் மட்டும் வளர்த்தால் என்ன என்று நிலச்சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் 25,000 ஹெக்டேர் என்று சொல்லப்பட்ட பொக்காளிப் பரப்பில் இன்று பயிராவது சிறு பங்கே என்பதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்தக் கேள்வி. பதிலை நம் நாகப்பட்டினம் சொல்லும். தொழில்முறை இறால் பண்ணைகள் நிலத்தையும் குடிநீரையும் உவர்ப்பாக்குவதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்தில் அத்தகைய பண்ணைகளுக்குத் தடை விதித்தது. பாரம்பரிய முறைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அதே ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் இந்தியக் கடற்கரை முழுதும் பண்ணைகளை வாரிக்கொண்டு போனது. கொச்சியிலும் ஆண்டு முழுக்க உப்புநீர் நிற்கும் வயல்களை ஒட்டிய வீடுகளில் சுவர் உதிர்கிறது, தரை கசிகிறது, தென்னை பட்டுப்போகிறது; செல்லானம் பகுதிக் குடியிருப்பாளர்கள் இதைச் சொல்லித்தான் போராடுகிறார்கள். ஆறு மாதம் மழைநீரும் நெல்லும் இருந்தால் மண் உப்பை இறக்கி வைத்து மூச்சுவிடும். நெல்லை எடுத்துவிட்டால் இறாலுக்குத் தீனியான தாளும் போய்விடும். பிறகு தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்று கேரள அரசு வகுத்த கொள்கை இந்த அனுபவத்திலிருந்து வந்ததே.

உப்பை அடியோடு தடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. தெற்கே, குட்டநாட்டு நெல்லுக்காக வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை கட்டப்பட்டு 1970-களின் நடுவில் இயங்கத் தொடங்கியது. நெல்லுக்கு அது உதவியது, மறுக்க முடியாது. ஆனால் தடுப்புக்குத் தெற்கே உப்பு வந்து கொல்லாததால் வெங்காயத்தாமரை காயலை மூடியது. இறால் ஏறிவரும் வழி அடைபட்டது. நகரத்துக்கு நிலம் வேண்டும் என்பவர்களுக்கு வேறொரு பதில். வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையமும் புதுவைப்பின் எரிவாயு முனையமும் நாட்டுக்குத் தேவை என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை ஒரு சதுப்பை நிரப்பும்போதும் அதில் ஏறி நின்ற ஓதநீர் காணாமல் போவதில்லை. பக்கத்து வாசலுக்குப் போகிறது. எடவனக்காட்டிலும் கும்பளங்கியிலும் கடல்புறமே இல்லாத வீடுகளுக்குள் ஓதம் நுழைவதற்குக் கடல்மட்டம் உயர்வது ஒரு காரணம் என்றால், அது பரந்து நிற்க இருந்த இடத்தை நாம் பறித்துக்கொண்டது இன்னொன்று. இங்கிலாந்தில் எசெக்ஸ் கடற்கரையின் வாலசீ தீவில் இதை உணர்ந்து, லண்டன் சுரங்க ரயிலுக்குத் தோண்டிய முப்பது லட்சம் டன் மண்ணைக் கொண்டுவந்து நிலத்தைச் சீரமைத்து, 2015-இல் கடல்சுவரைத் தாங்களே உடைத்து ஓதத்தை உள்ளே அழைத்தார்கள். அவர்கள் பெரும்பணம் செலவழித்து மீட்டெடுக்கும் ஒன்று கொச்சியில் ஏற்கெனவே, பலகையைத் தூக்கினால் இயங்கும் நிலையில் இருக்கிறது.

இயங்க வைப்பவருக்குக் கூலி வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நெல்வயலை நிரப்பாமல் வைத்திருப்போருக்குக் கேரள அரசு 2020-இல் ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. நிலம் நாட்டுக்குச் செய்யும் வேலைக்கு விலை உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட வகையில் அது மதிக்கத்தக்கது. ஆனால் பொக்காளி வயலில் அந்தத் தொகை சில ஆட்களின் ஒருநாள் கூலிக்குக்கூடக் காணாது. வரப்பைக் கட்டவும் மேடு கொத்தவும் சேற்றில் மிதந்து அறுக்கும் இயந்திரத்துக்கும் பொதுப்பணம் போனால்தான் கணக்கு நேராகும். கடற்சுவருக்குக் கோடிகளை ஒதுக்கும்போது, சுவருக்குப் பின்னால் ஓதத்தை வாங்கி நிற்கும் வயலுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் நடுவில் இறால் குத்தகை முடிகிறது. அன்று கெட்டு கலக்கி, மிச்சமிருக்கும் மீனை ஊரார் சேற்றில் இறங்கிக் கையால் அள்ளிக்கொள்வது பழைய வழக்கம். அதற்குப் பின் தூம்பின் பலகையை எடுத்து உப்புநீரை வடிய விடுகிறார்களா, இல்லை அடுத்த இறாலுக்காக அப்படியே பூட்டி வைக்கிறார்களா என்பதைப் பொறுத்தது, ஜூன் மழை அங்கே எதன்மேல் விழும் என்பது.