மிலான் சதுக்கத்தின் இடப்பக்கம் எங்கே போனது?

இத்தாலியில் மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கம் அந்த ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்ட இரண்டு நோயாளிகளிடம், அந்தச் சதுக்கத்தை நினைவிலிருந்து விவரிக்கச் சொன்னார்கள் எதுவார்தோ பிசியாக், கிளாவுதியோ லுட்சாட்டி என்ற ஆய்வாளர்கள். 1978இல் வெளியான ஆய்வு அது. பேராலயத்தைப் பார்த்தபடி எதிர்முனையில் நிற்பதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, இருவரும் வலப்பக்கம் உள்ளவற்றையே பெரும்பாலும் சொன்னார்கள். இடப்பக்கம் ஏறக்குறைய காலி.

மறந்துவிட்டார்கள் என்றுதானே நினைப்போம்? அடுத்து, பேராலய வாசலில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக நினைக்கச் சொன்னார்கள். சற்றுமுன் விட்டுப்போன இடங்கள் இப்போது வரிசையாக வந்தன. முதலில் சொன்னவை காணாமல் போயின! சதுக்கம் முழுதாக நினைவில் இருந்திருக்கிறது. நிற்கும் இடத்திலிருந்து இடப்பக்கத்தைப் ‘பார்க்க’த்தான் முடியவில்லை.

இடங்களை நினைவில் வைக்கும் வேலையில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குத்தான் பேர் அதிகம். எலி ஓர் அறையின் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் ‘இட செல்கள்’ அங்கே இருப்பதை 1971இல் லண்டனில் ஜான் ஓ’கீஃப் காட்டினார். 2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியின் குழு, பக்கத்திலுள்ள என்டோரைனல் புறணியில் ‘கட்ட செல்கள்’ இருப்பதைக் கண்டது. எலி நடக்க நடக்க, தரை முழுவதும் முக்கோணக் கோலப் புள்ளிகள்போலச் சீரான இடைவெளிகளில் இவை துடிக்கும். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. பத்திரிகைகள் ‘மூளையின் ஜிபிஎஸ்’ என்று எழுதின. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஒரே கருவி எல்லாவற்றையும் செய்வதுபோல ஒலிக்கிறது.

ஏனென்றால் இந்த செல்கள் மூளையில் வரையும் வரைபடத்துக்கு நம் இடம் வலம் தெரியாது. மிலான் சதுக்கத்தின் தெற்கே ஓர் அரண்மனை இருக்கிறது, அவ்வளவுதான். அது என் வலக்கைப் பக்கமா இடக்கைப் பக்கமா என்பது நான் எங்கே நிற்கிறேன், எந்தத் திசை பார்க்கிறேன் என்பதைப் பொறுத்தது. உடலை மையமாக வைத்து அதைக் கணிப்பதில் உச்சந்தலைக்குப் பின்புறமுள்ள பெரைட்டல் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டுக்கும் நடுவே நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவது ரெட்ரோஸ்ப்ளீனியல் புறணி. இது பழுதானவர்கள் தெருமுனைக் கட்டடத்தைச் சரியாக அடையாளம் காண்பார்கள். அங்கிருந்து வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றுதான் தெரியாது. வழி அடைத்திருந்தால் மாற்றுவழி யோசிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலின் பொறுப்பு.

அல்சைமர் நோய் மிக முன்னதாகவே தாக்கும் இடங்களில் ஒன்று என்டோரைனல் புறணி. வீட்டுப் பெரியவர் பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் தடுமாறினால், ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.