மழைக்கும் கதையில் வேலை உண்டு

வட்டவளையில் கதை எழுதப் புகும் மாணவர் எவரும் மழையை விட்டுவைப்பதில்லை. மலைநாட்டில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் இதுவும் ஒன்றாதலின் அதில் வியப்பில்லை. ஆயின், நம் மேசைக்கு வரும் கதைகளில் மழை 'சோ'வெனப் பெய்கிறது; பெய்துவிட்டுப் போய்விடுகிறது. கதையில் அதற்கு வேலை ஒன்றுமில்லை.

அண்மையில் மாணவி ஒருத்தி தந்த கதையும் அவ்வாறே தொடங்கிற்று. 'வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்தாள் முத்தம்மா' என்பது இரண்டாம் வாக்கியம். "இந்த மழை முத்தம்மாவை என்ன செய்தது, பிள்ளை?" என்று வினவினோம். அவள் சற்றுத் தயங்கி, "நனைஞ்ச கொழுந்துன்னா தண்ணிக்குன்னு நிறையில கழிச்சிருவாங்க சார்" என்றாள்.

கதை அங்கேதான் இருந்தது! கொழுந்து நிறுக்கையில் கூடைக்கென்று ஒரு கழிவு. ஈரத்துக்கென்று மற்றொரு கழிவு. குறித்த நிறை தேறாவிடின் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான். அட்டைக்கடியையும் பொறுத்து நாள் முழுதும் மலையில் நின்றவளின் பாதிக் கூலியை மழை கொண்டுபோயிற்று. 'முத்தம்மாவுக்கு அன்றைக்கும் அரைப்பேர்தான்' என்று தொடங்கி மீண்டும் எழுதிவந்தாள். வறுமை என்னும் சொல் ஏழிடங்களில் இருந்தது, ஏழும் போயின. முத்தம்மாவின் பிள்ளைப்பருவம் பற்றிய மூன்று பக்கங்களும் போயின. அதற்கு மட்டும் அவள் வருந்தினாள். இறுதியில் முத்தம்மா ஆற்றில் விழுந்து மாய்வதாக இருந்ததையும் நீக்கச் சொன்னோம். முடிக்கத் தெரியாத இடத்தில் கதைமாந்தரைக் கொன்றுவிடும் வழக்கம் நம் இளைஞரிடையே சற்று அதிகம்.

திருத்தம் என்றவுடன் ஒற்றுப்பிழை களைவதே பலருக்கு நினைவில் எழுகிறது. அதுவும் வேண்டுவதே. ஆனால் எது கதைக்கு உயிர், எது வெறும் அணி என்று பிரித்தறிவது வேறு வேலை.

மணிக்கொடிக் காலத்துப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினார். கேள்வியறிவு கொண்டே எழுதினார் என்பர். மேதைக்கு அது போதும். தோட்டத்து மனிதர் தம் கதையைத் தாமே எழுதத் தலைப்பட்டபோது வேறொரு நுட்பம் வந்து சேர்ந்தது. 1961இல் தினகரனில் வெளிவந்த என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இதற்குச் சான்று. வீரகேசரியின் ஆதரவோடு மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் அறுபதுகளில் சிறுகதைப் போட்டிகள் நடத்திற்று. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' எனத் தொகுக்கப்பட்டன. அப்போட்டிகளில் பெயர்பெற்றவருள் ஒருவர் தெளிவத்தை ஜோசப். அவருடைய 'மீன்கள்' கதையை மாணவர் ஒருமுறையல்ல, மும்முறை படித்தல் நலம். லயத்து ஒற்றை அறையின் நெருக்கடி ஒரு குடும்பத்தின் மானத்தை எங்கே தொடுகிறது என்பதை அதில் காணலாம். அங்கே அறை வெறும் பின்னணியன்று. அதுவே கதையை நடத்துகிறது.

மொழி பற்றியும் ஒரு சொல். மாணவர் சிலர் 'பெரட்டுக்களம்' என்று எழுதக் கூசி 'தொழிலாளர் கூடும் திடல்' என்று எழுதுகின்றனர். பரீட்சை விடைத்தாளுக்கு அது ஏற்கும். ஆயின் விடியற்காலையில் பேர் கொடுக்க ஓடும் தாய், திடலுக்கு ஓடுவதில்லை, பெரட்டுக்குத்தான் ஓடுகிறாள். லயம், கங்காணி, கணக்கப்பிள்ளை, கொழுந்து மடுவம் ஆகிய சொற்களில் ஒரு சமூகத்தின் நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்வு இருக்கிறது. அவற்றைப் 'பிழை' என்று மாணவன் தானே அடித்துவிட்டால், பாட்டியின் பேச்சு அவனோடு நின்றுபோகும். ஆசிரியன் விவரிக்கும் பகுதி செந்தமிழாக இருக்கட்டும்; பாத்திரங்கள் தம் வாயால் பேசட்டும்.

இரண்டாம் படி முடிந்ததும் ஒரு வாரம் அதைத் தொடாது வைப்பீராக. பின்னர், மலைக்குச் சென்றுவரும் ஒருவரை அடுப்பருகே அமர்த்தி உரக்கப் படித்துக் காட்டுக. "நாங்க அப்பிடிச் சொல்றதில்லையே" என்று அவர் இடைமறிக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இட்டுக்கொண்டு, மேலே படிக்க.