வானொலியில் புண்படுத்தும் பேச்சும் அதற்குரிய தண்டனையும்

நம் தோட்டங்களில் வானொலி வெறும் பொழுதுபோக்குக் கருவியன்று. விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்படுவோருக்கும், ரிங்லெட்டைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலைக் கொழுந்து பறிப்போருக்கும் அது நெடுங்காலமாய் வழித்துணையாக இருந்து வந்துள்ளது. அத்தகைய வானொலியின் அறிவிப்பாளர் ஒரு சமயத்தாரை இழிவுபடுத்துவாராயின் அவரைத் தண்டித்தல் முறையா, மன்னிப்புக் கேட்டால் போதுமா என்னும் வினா 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடெங்கும் எழுந்தது.

ஏரா எஃப்.எம். என்னும் மலாய் வானொலியின் அறிவிப்பாளர்களான நபில் அகமட், அசாட் ஜஸ்மின், ராடின் அமிர் ஆகிய மூவர் தொடர்புடைய காணொளி ஒன்று அவ்வானொலியின் சமூக ஊடகத்தில் வெளியாயிற்று. காவடியாட்டத்தைப் போல ஆடிக்காட்டுவதும், "வேல், வேல்" என்னும் முழக்கமும், அதனிடையே சிரிப்பும் அதில் இடம்பெற்றிருந்தன. கண்டனம் எழுந்ததும் மூவரும் மன்னிப்புக் கோரினர். அஸ்ட்ரோ நிறுவனம் அவர்களைப் பணியிலிருந்து இடைநீக்கம் செய்தது.

காவடி இன்னதென நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பிள்ளை பிழைத்தெழுந்ததற்கும் நோய் நீங்கியதற்கும் நேர்ந்துகொண்ட கடனைத் தீர்க்கவே நம்மவர் காவடி எடுக்கின்றனர். சுமப்பவர் தளரும்போது உடன் வருவோர் ஊக்கந்தரும் குரலே "வேல், வேல்" என்பது. அதனை நகையாடினால் ஒரு குடும்பத்தின் துயரையும் நன்றியையும் நகையாடியதாகின்றது. அயலார்க்கு இது தெரிந்திராமல் இருக்கலாம். தெரியாத ஒன்றைக் கேட்டறிந்து பேசுவதற்குத்தானே அறிவிப்பாளருக்கு ஊதியம் தரப்படுகின்றது!

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். தண்டனைச் சட்டத்தின் 298ஆம் பிரிவின்படி, பிறர் சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே பேசினால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இங்கே நோக்கம் என்பதே உயிர்நாடி. அறியாமையால் நேர்ந்த பிழையையும் வேண்டுமென்றே செய்த இழிவையும் சட்டம் ஒன்றாகக் கருதுவதில்லை. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவும் உண்டு. அதன் திருத்தம் 2025 பிப்ரவரி 11ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அந்நாள் தைப்பூசத் திருநாளாகவும் அமைந்துவிட்டது! 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் 500,000 வெள்ளியாகவும், ஓராண்டாக இருந்த சிறை ஈராண்டாகவும் உயர்ந்தன.

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் முதலில் உரிமத்தையே இடைநிறுத்த எண்ணியது. எனினும் மெஸ்ட்ரா புரோட்காஸ்ட் என்னும் அந்த உரிம நிறுவனத்தின் பொறுப்பில் மெலடி, மிக்ஸ் ஆகிய வானொலிகளும் இருந்தன. உரிமம் நின்றிருந்தால் குற்றத்தில் பங்கில்லாத ஊழியரும் வேலை இழக்க நேர்ந்திருக்கக்கூடும். இறுதியில் உரிமத்தை நிறுத்தாது, நிறுவனத்திற்கு 250,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. இம்முடிவு சரியானதென்றே நாம் கருதுகின்றோம். நேரலையில் வாய் தவறுதல் வேறு. பதிவு செய்து வெளியிடுவது வேறு. பதிவு செய்ததை வெளியிடுமுன் தடுத்திருக்க நிறுவனத்தில் ஒருவரேனும் இருந்திருக்க வேண்டும். ஆகவே பொறுப்பு மூவரோடு நின்றுவிடலாகாது. ஆயினும் மன்னிப்புக் கோரியவரைச் சிறைக்கு அனுப்பியே தீரவேண்டும் எனச் சிலர் முழங்கியதை நம்மால் ஏற்க இயலவில்லை.

சிறைக்குரிய வானொலிப் பேச்சு எத்தகையது என்பதற்கு ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாடு சான்று. அங்கு 1994இல் ஆர்.டி.எல்.எம். என்னும் வானொலி துட்சி இனத்தாரைக் கரப்பான்பூச்சிகள் எனப் பழித்து, அவர்களைக் கொல்லுமாறு தூண்டிற்று. அதன் அறிவிப்பாளர் ஜோர்ஜ் ருஜியு 2000ஆம் ஆண்டில் அனைத்துலக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மறுபுறம், அமெரிக்காவில் டான் ஐமஸ் என்பவர் 2007 ஏப்ரலில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து மகளிரை இனவெறியோடு இழித்துரைத்தபோது, வழக்கின்றியே வேலை இழந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே வேறொரு நிலையத்தில் மீண்டும் பேசத் தொடங்கினார் என்பதும் உண்மை. கொலைக்குத் தூண்டுதலும் கேலி செய்தலும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல.

தோட்டத்து இளைஞர்களுக்கு ஒன்று கூற வேண்டியுள்ளது. சினங்கொண்டு கைப்பேசி வழியே மாற்றுச் சமயத்தாரைத் திட்டி எழுதினால் அதே 233ஆம் பிரிவு நம்மீதும் பாயும். அந்த அபராதத்தைச் செலுத்த நமக்கு நிறுவனம் ஏதுமில்லை. மனம் புண்படும் ஒலிபரப்பைக் கேட்க நேர்ந்தால் நிலையத்தின் பெயர், நாள், நேரம், பேசிய சொற்கள் ஆகியவற்றை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். காணொளியாயின் ஒரு படியைச் சேமித்து வைத்தல் நன்று. பிறருக்கு அனுப்ப வேண்டாம். பின்னர் ஆணையத்திடமோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் அளித்து, புகாரின் படியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.