முடி போனால் மங்கலமும் போய்விடுமா?

"அம்மிணி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே. வளையல் மத்தவங்க போடட்டும். நீ அப்படி உக்காந்து பார்த்துட்டிரு."

சென்ற ஆண்டு மேட்டுப்பாளையத்தில் நடந்த ஒரு வளைகாப்பில், கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு மணையை நோக்கிப் போன என்னைத் தடுத்து, உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் காதோடு சொன்ன வார்த்தைகள் இவை.

என் கழுத்தில் தாலி இருக்கிறது. நெற்றியில் குங்குமம் இருக்கிறது. என் கணவர் வெளியே பந்தியில் இலை போட்டுக் கொண்டிருந்தார். பிறகு ஏன் இந்தத் தடை? என் தலையில் முடி இல்லை. அவ்வளவுதான்!

நான் குன்னூரில் வசிக்கும் சாதாரணக் குடும்பத் தலைவி. வயது 45. ப்ளஸ் டூ வரை படித்தவள். கணவர் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கெழுதுகிறார். ஒரு மகன், ஒரு மகள். கூடவே மாமியார். இதுவரை பத்திரிகைக்கு நான் எழுதி அனுப்பியதெல்லாம் சமையல் குறிப்புகள்தான். இதை எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு.

ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் சின்னக் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலியில்லை. வலிக்காத கட்டிதானே என்று இருந்துவிடாமல், இவரிடம் சொல்லி, மறுவாரமே கோயம்புத்தூர் போய்க் காட்டினோம். பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. "ஆரம்ப நிலைதான், குணப்படுத்தலாம்" என்று டாக்டர் அம்மா தைரியம் சொன்னார். அறுவை சிகிச்சை, அதன்பின் கீமோ என்கிற மருந்து ஊசிகள் என்று விளக்கினார்.

அப்போது நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பிழைப்பேனா?" என்றல்ல. "முடி கொட்டிவிடுமா டாக்டர்?" என்றுதான்! இன்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கொட்டும் என்றதும், "யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் பத்து நாள் வீட்டில் அழுதுகொண்டு கிடந்தேன்.

நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்தேன். பின்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தாயைச் சந்தித்தேன். மகள் கல்யாணத்தில் மொட்டைத் தலையோடு மணவறைப் பக்கம் நிற்க முடியுமா என்று, கல்யாணம் முடியும் வரை ஏழு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாராம். அதற்குள் நோய் வேறு இடத்துக்கும் பரவிவிட்டது. "நாலு பேர் என்ன சொல்லுவாங்களோன்னு இருந்துட்டேன் கண்ணு" என்றார். அந்த நாலு பேரில் ஒருவராவது அன்று அவர் பக்கத்தில் இல்லை.

முடி ஏன் கொட்டுகிறது? புற்றுநோய்ச் செல்கள் வேகமாகப் பெருகுபவை. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதுதான் பல கீமோ மருந்துகளின் வேலை. நம் முடியின் வேர்ச் செல்களும் வேகமாக வளர்பவை. ஆகவே அவையும் அடி வாங்குகின்றன. எல்லா மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை. கொட்டினாலும் சிகிச்சை முடிந்து ஓரிரு மாதங்களில் பெரும்பாலோருக்கு மறுபடி முளைக்கத் தொடங்கிவிடும். சிலருக்கு முதலில் சுருட்டையாகக்கூட முளைக்கும்.

எனக்கு முதல் ஊசி போட்ட மூன்றாவது வாரம், காலையில் எழுந்தால் தலையணை முழுக்க முடி. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாய் வந்தது. இடுப்பு வரை நீண்ட முடி எனக்கு. "முடியைப் பார்த்துத்தான் பெண்ணெடுத்தோம்" என்று உறவில் சொல்வார்கள். நான்கு நாள் அந்தச் சித்திரவதையைப் பார்த்த என் கணவர், ஐந்தாம் நாள் தாமே மெஷினை எடுத்து முழுவதும் மழித்துவிட்டார். அவர் கை நடுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நிலையில்தான் அந்த வளைகாப்புக்குப் போனேன்.

பர்லியாறு தாண்டி மலையேறும் பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்தேன். இனி எந்த விசேஷத்துக்கும் போவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா மறுநாள் பார்க்க வந்தார். அவர் படகர் இனத்தவர். எழுபதை நெருங்கும் வயது. நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், தம் தலையில் கட்டும் வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து என் தலையைச் சுற்றி இதமாகக் கட்டிவிட்டார். "குளிருக்கு ஆச்சு, எங்க ஊருக்கும் ஆச்சு" என்று சிரித்தார்.

எனக்குத் திகைப்பு. எங்கள் கொங்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலை என்றால் கணவனை இழந்தவள் என்று அர்த்தம். இங்கேயோ, மார்கழி, தை வாக்கில் வரும் ஹெத்தையம்மன் பண்டிகைக்குச் சின்னப் பெண் முதல் பாட்டி வரை வெள்ளை உடுத்தித்தான் போகிறார்கள். முப்பது மைல் கீழே எது அமங்கலமோ, அதுவே மேலே மங்கலம்!

அன்றிலிருந்து நான் கண்ணைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் மலையிலேயே எத்தனை விதம்! தோடர் இனப் பெண்கள் எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் தடவி, முடியைச் சுருள் சுருளாகத் தோளில் தொங்கவிடுவது அவர்கள் மரபு. தலைவிரிகோலம் என்று நாம் திட்டுவோமே, அது அவர்களுக்கு அலங்காரம். அவர்கள் போர்த்தும் புத்துக்குளி என்னும் பூவேலைப் போர்வை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களோ தலைத்துணி கட்டாமல் மலைச்சரிவில் இறங்குவதில்லை. இதில் யார் வழக்கம் சரி, யார் வழக்கம் தப்பு? குளிருக்கும் வேலைக்கும் குலத்துக்கும் ஏற்றபடி மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்டவைதானே எல்லாம்?

ஆண்கள் கதையைப் பாருங்கள். நம் கொள்ளுத்தாத்தாக்கள் எல்லாம் குடுமி வைத்திருந்தவர்கள். முதலில் கிராப்பு வெட்டிக்கொண்டவர்களை ஊரே தூற்றியது. மகாகவி பாரதியார் காசியில் இருந்தபோது குடுமியை எடுத்து, மீசை வைத்துக்கொண்டதற்கு வீட்டிலேயே எதிர்ப்பு எழுந்ததாம். இன்று குடுமி போனதற்காக எந்த ஆணையும் யாரும் சபையில் ஒதுக்குவதில்லை. பெண்களின் தலை மட்டும் ஏன் இன்னும் நாலு பேர் கணக்கில் இருக்கிறது?

மொட்டைத் தலைப் பெண்ணைக் கண்டால் நம்மவர்கள் முகம் சுளிப்பதன் வேர் எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் சில வகுப்புகளில் கணவனை இழந்த பெண்ணுக்கு, அவள் சின்னஞ்சிறு குழந்தையானாலும், தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தார்கள். இன்று அந்தக் கொடுமை போய்விட்டது. ஆனால், மழித்த தலை என்றால் அபசகுனம் என்ற பயம் மட்டும் போகவில்லை.

சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1886-ல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணமாகி, சிறிது காலத்திலேயே கணவரை இழந்தார். அவருடைய பெற்றோர் ஊர் வாய்க்குப் பயப்படவில்லை. மகள் தலையில் கத்தி படவிடாமல், கையில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்காகவே வாழ்ந்தார். சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் எத்தனையோ சிறுமிகள் அவர் நிழலில் தங்கிப் படித்தார்கள். 1958-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்தப் பெற்றோர் அன்று நாலு பேருக்குப் பயந்திருந்தால்?

இதையெல்லாம் ஒருநாள் மாமியாரிடம் சொல்லிக் கொண்டிருந்தேன். அவர் பேசாமல் எழுந்துபோய், டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய போட்டோ ஒன்றை எடுத்து வந்தார். பழநி அடிவாரத்து ஸ்டுடியோவில் எடுத்தது. மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம் பூசிய ஓர் இளம்பெண். மடியில் அதே போல் சந்தனம் பூசிய மொட்டைக் குழந்தை.

"இது யாரு அத்தை?"

"நான்தான் கண்ணு. மடியில உன் வீட்டுக்காரன். ரெண்டு வயசுல காய்ச்சல் கண்டு பொழைக்கமாட்டான்னு சொல்லிட்டாங்க. புள்ளை பொழைச்சா என் முடியைத் தர்றேன்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்."

"அப்ப ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"சாமிக்குக் கொடுத்ததை யாரு சொல்லுவாங்க? எதிர்ல வந்தவங்க எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாங்க." சற்று நேரம் போட்டோவையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "அதே மொட்டைதான். புள்ளை உசுருக்காக எடுத்தேன், கும்பிட்டாங்க. உன் உசுருக்காக எடுத்திருக்கே, ஒதுக்குறாங்க. இது என்ன நியாயம் அம்மிணி?" என்றார்.

நானும் எத்தனை புத்தகம் படித்தேன்! எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். என்னைப் போலவே நீண்ட முடி. அதை வெட்டி, புற்றுநோயாளிகளுக்கு விக் செய்யத் தானமாகக் கொடுக்கப் போவதாக ஒருநாள் வந்து நின்றாள். கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துப் பெண் போலீஸ் அபர்ணா லவகுமார் 2019-ல் தம் தலைமுடி முழுவதையும் இப்படிக் கொடுத்ததைச் செல்போனில் பார்த்திருக்கிறாள். உண்மையைச் சொல்கிறேன், சகோதரிகளே! என் வாயிலும் முதலில் வந்தது, "நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா..." என்பதுதான். நான் பட்டது போதாதென்று அதே சாட்டையை மகள் மீது வீசப் போனேன்! மாமியார்தான், "அவ கொடுக்கட்டும். அதுவும் வேண்டுதல்தான்" என்று முடித்துவிட்டார்.

"ஆம்பளைப் பையன் மாதிரி ஆயிட்டியே!" என்று கேட்காதவர்கள் இல்லை. "ஆமாம், ஷாம்பு செலவு மிச்சம்" என்று சிரித்துவிட்டுப் போகிறாள்.

பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

மாதம் ஒருமுறை மார்பைத் தொட்டுப் பாருங்கள். கட்டி, தோலில் சுருக்கம், காம்பு உள்ளிழுத்தல், கசிவு என எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வலியில்லை என்று விட்டுவிடாதீர்கள். செலவுக்குப் பயப்படுபவர்கள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியுமா என்று ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

கீமோ தொடங்குமுன் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால், கொட்டும்போது மனம் அவ்வளவு பதறாது. கொட்டிய பின் தலைத்தோல் மிகவும் மென்மையாகிவிடும். காரமில்லாத ஷாம்பு, மெல்லிய பருத்தித் துணி போதும். வெயிலிலும் குளிரிலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். சாயமும் சூடான எண்ணெயும் கொஞ்ச காலம் வேண்டாம். விக் வைப்பதும், துணி கட்டுவதும், வெறுந்தலையோடு இருப்பதும் அவரவர் விருப்பம்.

முடி தானம் செய்ய நினைப்பவர்கள், பொதுவாக 10 முதல் 12 அங்குல நீளமாவது வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அலசி, நன்றாக உலர்த்தி, இரு முனையும் கட்டி வெட்ட வேண்டும்.

கடைசியாக, விசேஷ வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணின் தலையில் முடி இருக்கிறதா, உடுத்தியது வெள்ளையா சிவப்பா என்று பார்க்காதீர்கள். கணவர் இருக்கிறாரா என்றும் பார்க்காதீர்கள். வாழ்த்த வந்தவளின் மனசைப் பாருங்கள்.

சென்ற மாதம் என் கணவரின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. என் தலையில் இப்போது ஓர் அங்குலம் முளைத்திருக்கிறது. தயங்கி, பின்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் முன்பாக மாமியார் என்னைக் கூப்பிட்டார். "சாவை ஜெயிச்சுட்டு வந்தவ. இவளைவிட யாரு ஆசீர்வாதம் பண்ணணும்? முதல் வளையல் இவ போடட்டும்!"

போட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.