கருவிக்கு முன்னால் ஒரு பெயர்ப்பட்டியல்

ஜூன் பிறந்ததும் குடியாத்தம் பக்கத்துப் பள்ளிகளில் ஒரே பெஞ்சில் இரண்டு மூன்று மொழிகள் வந்து உட்காரும். ஆந்திர எல்லையோரக் கிராமத்துப் பிள்ளை வீட்டில் பேசுவது தெலுங்கு. பக்கத்தில் இருப்பவளின் வீட்டில் உருது. இருவர் கையிலும் இருப்பது ஒரே தமிழ்ப் புத்தகம். அம்மா தீப்பெட்டிக் கம்பெனிக்கோ, ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கவோ காலையிலேயே கிளம்பியிருப்பார். இல்லையென்றால் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருப்பார். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவின் சட்டைப் பையோடு போய்விட்டு இரவில்தான் திரும்பும்.

இப்படியொரு வகுப்பில் நிற்கும் ஆசிரியர், ‘இந்த வருஷம் தொழில்நுட்பத்தில் நான் ஒரு படி ஏற வேண்டும்’ என்று நினைத்தால் எங்கே தொடங்குவது? நம்மில் பலர் தொடங்குவது கருவியில். ஸ்மார்ட் போர்டு பழக வேண்டும், வீடியோ எடிட்டிங் கற்க வேண்டும், திக்‌ஷாவில் இத்தனை இணையவழிப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுகிறோம். 2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையும் ஆசிரியர் வளர்ச்சியை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்றுதான் அளக்கிறது. மணிக்கணக்கு தேவைதான். ஆனால் சான்றிதழ் கோப்பு தடிக்கத் தடிக்க, கடைசி பெஞ்சுப் பிள்ளை எழுத்துக்கூட்டிக்கொண்டே இருந்தால் வளர்ந்தது யார்? எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்ற சிற்றூர். 2009-இல் ரஞ்சித்சிங் திசாலே அங்கே ஆசிரியராகப் போனபோது, பள்ளிக்கூடம் மாட்டுக் கொட்டகைக்கும் சாமான் கிடங்குக்கும் நடுவே கிடந்த பாழடைந்த கட்டடம். பிள்ளைகள் வீட்டில் கன்னடம் பேசுபவர்கள். பாடப்புத்தகம் அவர்கள் மொழியில் இல்லை. அவர் முதலில் கன்னடம் கற்றுக்கொண்டார். பாடங்களை மொழிபெயர்த்தார். பிறகுதான் கியூஆர் கோடு வந்தது: அதை ஸ்கேன் செய்தால் பாட்டும் கதையும் பாட விளக்கமும் பிள்ளைகளின் மொழியில் கேட்கும். 2017-இல் அந்த மாநில அரசு எல்லா வகுப்புப் புத்தகங்களுக்கும் அந்த முறையை அறிவித்தது. 2020 டிசம்பரில் அவருக்கு உலக ஆசிரியர் விருதும் 10 லட்சம் டாலரும் கிடைத்தன. அதில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். உலகம் அந்தக் கட்டம்போட்ட குறியீட்டைத்தான் கொண்டாடியது. எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதற்கு முன்னால் அவர் இன்னொரு மொழிக்கு மாணவராக உட்கார்ந்தது.

கியூஆர் கோடு நம் புத்தகங்களுக்கும் 2018-இலேயே வந்துவிட்டது. கல்வித் தொலைக்காட்சி 2019-இல் தொடங்கியது. பல பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. குறை கருவியில் இல்லை; யாருக்கு எது தேவை என்று முதலில் கேட்காததில் இருக்கிறது.

‘எது தேவை’ என்று முதலில் எழுதிப் பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் புதியதும் இல்லை.  முதலமைச்சர் காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கின. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன இல்லை என்று பட்டியல் எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பட்டியல் முதலில், பொருள் பிறகு.

ஆசிரியரின் ஆண்டு இலக்கும் அப்படித்தான் பிறக்க வேண்டும் என்பது என் எண்ணம். நான்காம் வகுப்பு டீச்சர் ஒருவர் ஜூன் மூன்றாம் வாரத்தில் பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆறு பெயர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேரும் வீட்டில் தமிழ் பேசாதவர்கள். ‘அரையாண்டுத் தேர்வுக்குள் இவர்கள் ஒரு பத்தியைத் திணறாமல் வாசிக்க வேண்டும்.’ அவ்வளவுதான் இலக்கு. இதற்குத் தேவையான கருவி அவர் கைப்பையிலேயே இருக்கிறது: செல்போனின் ஒலிப்பதிவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் வாசிக்க, அவர் பதிவு செய்கிறார். எத்தனை சொல் சரியாக வந்தது, ‘ழ’ எங்கே ‘ள’ ஆனது என்று இரவில் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். மறுநாள் அந்தப் பிள்ளைக்கும் போட்டுக் காட்டுகிறார். தன் குரலையே கேட்கும் பிள்ளை, யாரும் சொல்லாமலே ‘இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?’ என்று கேட்கும்.

ஆசிரியர் கற்க வேண்டியதும் இதிலிருந்தே கிளைக்கிறது. தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்காக அறுபது, எழுபது தெலுங்குச் சொற்களை அவர் கற்கலாம். உருதுச் சொற்களை ஒரு பாட்டியம்மாவிடம் கேட்டுப் பதியலாம். கதையைத் தன் குரலில் சொல்லி, அப்பா வீடு திரும்பும் நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பகல் இரண்டு மணிக்கு அனுப்பிய வீட்டுப்பாடம் அந்த வீட்டில் யாருக்கும் கேட்காது என்பதைத் தெரிந்துகொள்வதும் தொழில்நுட்பப் பயிற்சிதான். வீடியோ எடிட்டிங் அப்போதும் தேவைப்பட்டால், தாராளமாகக் கற்கட்டும்.

ஒன்று தவறாமல் செய்ய வேண்டும்: பிள்ளைகளின் குரல் குழுக்களில் சுற்றக் கூடாது. அது டீச்சர் போனிலேயே இருக்கட்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் நம்பிக்கையான சக ஆசிரியர் ஒருவரோடு, பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தால் போதும். ‘அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்க்கவில்லை, மனப்பாடமாகச் சொல்கிறது’ என்று அவர் காது கண்டுபிடித்துவிடும். நம் காது பழகிப்போய்த் தவறவிட்டிருக்கும்.

டிசம்பரில் ஆசிரியர் பயிற்றுநர் வந்து, ‘இந்த வருஷம் ஐ.சி.டி.யில் என்ன செய்தீங்க, டீச்சர்?’ என்று கேட்பார். அப்போது கோப்பைத் தேட வேண்டாம். ஒரே பிள்ளையின் ஜூன் மாத நிமிடத்தையும் டிசம்பர் மாத நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம்.