கண்ணை மூடினால் பயமா?

"கண்களை மூடுங்கள். உடலைத் தளர விடுங்கள்."

யோகாசன வகுப்பின் முடிவில் சவாசனம் செய்யும்போது ஆசிரியர் இப்படிச் சொல்வார். பெரும்பாலோருக்கு அது சுகமான நேரம். ஆனால் அதே வகுப்பில் ஒரு மாணவிக்கு நெஞ்சு படபடக்கலாம், உள்ளங்கை வியர்க்கலாம், எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றலாம். அவள் கீழ்ப்படியாதவளா? இல்லை. அவள் உடலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நம் மூளையில் பாதாம் பருப்பின் வடிவில், பக்கத்துக்கு ஒன்றாக, அமிக்டலா என்னும் சிறு பகுதி உண்டு. அதை ஆபத்தைக் கண்டறியும் காவல்காரன் எனலாம். பாம்பைக் கண்டால், யோசிப்பதற்கு முன்பே கால் பின்வாங்கிவிடுகிறது அல்லவா? அமிக்டலா எச்சரித்ததும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினைச் சுரக்கின்றன. இதயம் விரைகிறது. தசைகளுக்கு அதிக இரத்தம் பாய்கிறது. எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடல் தயாராகும் இந்த நிலையை, அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார்.

விபத்து, வெள்ளம், போர், அடி உதை போன்ற கொடிய அனுபவங்களுக்கு ஆளான சிலரிடம் இந்தக் காவல்காரன் ஓய்வதே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அது போலத்தான். பின்னால் கேட்கும் காலடி ஓசையோ திடீரென்று தோளில் படும் கையோ அபாய மணியை அடித்துவிடும். கண்ணை மூடினால் சுற்றிலும் நடப்பது தெரியாது. எனவே பயம் கூடுகிறது.

இந்தப் படபடப்பைத் தணிக்க உடலிலேயே ஒரு தடைக்கட்டை இருக்கிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும். விடும்போது சற்றுத் தணியும். மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வேலை இது. மூச்சை நிதானமாக வெளியே விடுவது பலரை அமைதிப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மூச்சை அடக்கச் சொன்னாலோ வேகமாக விடச் சொன்னாலோ, பயந்தவருக்குப் படபடப்பு மிகுந்துவிடலாம்.

அப்படியானால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? கொடிய அனுபவத்தின்போது அந்த மனிதரின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. ஆகவே இங்கே அதைக் கேட்க வேண்டும். "கண்களை மூடலாம், விரும்பினால் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்" என்று சொல்லலாம். அனுமதி கேட்காமல் தொட்டுத் திருத்தக் கூடாது. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளும் உரிமையும் எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

இத்தகைய பயிற்சியால் பலன் உண்டா? அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 64 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. எல்லோரும் நெடுநாளாகத் தீராத அதிர்ச்சி நோயால் துன்புற்றவர்கள். ஒரு பிரிவினர் வாரம் ஒரு மணி நேரமாகப் பத்து வாரம் யோகா பயின்றனர். மற்றவர்கள் உடல்நல வகுப்புக்குச் சென்றனர். முடிவில், அந்த நோய்க்குரிய அளவுகோலைத் தாண்டி வந்தவர்கள் யோகா பிரிவில் 52 சதவீதம். மற்றதில் 21 சதவீதம். ஆய்வு சிறியதுதான். யோகாவும் அங்கே துணைச் சிகிச்சையாகவே தரப்பட்டது. மருத்துவருக்கு மாற்றாக அன்று.

பள்ளியில் உங்கள் அருகே ஒருவர் கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தால் கேலி செய்யாதீர்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால், "நான் சற்று உட்கார்ந்துகொள்கிறேன்" என்று ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பயம் நாள்தோறும் தொடர்ந்தால், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போக நாம் வெட்கப்படுவதில்லையே!