காதுக்கு வைத்த பரீட்சை

"கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வழக்குத் தீர்க்கும் இடத்துக்கே இம்முதுமொழி பொருந்தும் என நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் ஒரு கையடக்கத் தொலைபேசியும் ஒரு ஹெட்போனும் சேர்ந்து அதன் முழுப் பொருளையும் எனக்குக் கற்பித்துவிட்டன.

என் தங்கையின் மகன் உயர்தர வகுப்பிற் பயில்பவன். பாடங் கேட்பதும் பாட்டுக் கேட்பதும் அவனுக்கு ஹெட்போன் வழியாகவே. ஒரு நாள் மாலை, நண்பன் ஒருவனிடம் இரவலாகப் பெற்ற புதிய தொலைபேசியுடன் எங்கள் வீட்டுக்கு வந்தான். "இதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கோ, மாமா. சத்தத்தைத் திருத்தித் தாற வசதி இதிலே இருக்கு. என்ரை பழைய போனிலே இது இல்லை" என்று சொல்லி ஹெட்போனை என் தலையில் மாட்டினான். வாய்ப்பாட்டுக் கச்சேரி ஒன்றின் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரையில் ஒரு பொத்தானைத் தொட்டான். முன்னே தொங்கிய திரைச்சீலை விலகியது போன்ற தெளிவு. மிருதங்கம் நிறைந்தது, தம்புராவின் நாதம் பரந்தது.

"உண்மைதான் தம்பி, நல்ல வித்தியாசம்" என்றேன்.

பௌதிகவியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியன் அத்துணை விரைவில் தீர்ப்புக் கூறியிருத்தலாகாது. என் சொல்லைப் பற்றிக்கொண்டு அவன் நேரே தாயிடம் போனான். தங்கை சீட்டுக் கட்டிச் சேர்த்த சிறு தொகை ஒன்று உண்டு. மகனுடைய தனியார் வகுப்புகளுக்கென அதனை ஒதுக்கி வைத்திருந்தாள். மறுநாட் காலையில் அவள் வந்து, "அண்ணை, நீங்களும் நல்லதெண்டு சொன்னீங்களாம். அந்தக் காசை எடுத்து வாங்கிக் குடுக்கட்டோ?" என்று கேட்டாள். என் வாய்ச்சொல் ஒன்றின் விலை அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. "இரண்டு நாள் பொறு, தங்கச்சி. பரீட்சித்துப் பார்த்துச் சொல்லுகிறேன்" என்றேன்.

உரப்பு என்னும் மாயம்

ஒலிக்குச் சுருதி, உரப்பு, பண்பு என மூன்று சிறப்பியல்புகள் உண்டென்று விஞ்ஞான பாடத்தில் மாணவர் படிக்கின்றனர். தாழ்ந்த குரலா உயர்ந்த குரலா என்பது சுருதி. மெல்லொலியா பேரொலியா என்பது உரப்பு. ஒரே சுரத்தை வீணை இசைக்கிறதா வயலின் இசைக்கிறதா என உணர்த்துவது பண்பு. "ஒலி நன்றாயிருக்கிறது" என்று நாம் சொல்லும்போது பண்பைத்தான் மதிப்பிடுவதாக எண்ணுகிறோம். ஆனால் உரப்பு சந்தடியின்றி உட்புகுந்து நீதிபதிக்கே கைக்கூலி கொடுத்துவிடுகிறது.

இதற்குக் காரணம் நம் காதின் இயல்பு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933 ஆம் ஆண்டில் இதனை அளந்து வெளியிட்டனர். ஒலி மெலிதாக இருக்கும்போது தாழ்ந்த சுருதிகளை நம் காது குறைவாகவே உணர்கிறது. ஒலி முழுவதையும் சற்று உயர்த்தினால், அத் தாழ்ந்த சுருதிகள் ஏனையவற்றினும் விரைவாக எழுந்து நிற்கின்றன. ஆகவே அதே பாட்டைச் சிறிது உரக்க வைத்தாற் போதும். கேட்பவர் "உரக்க இருக்கிறது" என்று சொல்லார், "நிறைவாக இருக்கிறது" என்பார்.

காது ஏமாறுவது புதிதுமன்று. 1915 ஆம் ஆண்டு முதல் ஏறக்குறையப் பத்தாண்டுகள் எடிசனின் கிராமபோன் நிறுவனத்தார் பாடகர்களை மேடையேற்றி, அவர்தம் குரலையும் இசைத்தட்டின் குரலையும் மாறி மாறிக் கேட்கச் செய்தனர். இடையில் விளக்கை அணைத்துவிடுவதும் உண்டு. எது மனிதக் குரல், எது யந்திரக் குரல் என்று சபையோர் பலருக்குத் தெரியவில்லையாம். அவ்வாறு பாடிய அன்னா கேஸ் என்னும் அம்மையார், யந்திரத்தின் ஒலிக்கு ஏற்பத் தம் குரலை அமைத்துப் பாடியதாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். இன்றைய இசைத்தட்டுகளோடு ஒப்பிட்டால் அக்காலத்து யந்திரத்தின் ஒலி மிக எளியது. இருந்தும் மக்கள் மயங்கினர்.

நாணயமும் துணித்திரையும்

எனவே எங்கள் பரீட்சைக்கு மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். இரு பக்கமும் ஒரே உரப்பில் இருத்தல் வேண்டும்; கேட்பவருக்கு எது எதுவென்று தெரிதலாகாது; ஒரு முறையன்றிப் பல முறை கேட்டல் வேண்டும்.

முதலில் உரப்பை அளந்தோம். தடித்த அட்டையில் ஒரு துளை இட்டு, ஒரு பக்கத்தில் என் ஹெட்போனின் காதுக்கிண்ணத்தையும் மறுபக்கத்தில் வேறொரு தொலைபேசியின் ஒலிவாங்கியையும் பொருத்தினோம். ஒலியை அளக்கும் செயலி ஒன்று இலவசமாகக் கிடைத்தது. இத்தகைய அளவையின் மொத்தத் தொகையை நம்புதல் கூடாது. எனினும் ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அது போதும். ஒரே இரைச்சலை ஓடவிட்டு, ஒலி மேம்பாட்டுப் பொத்தானைத் தொட்டோம். ஏறத்தாழ 4 டெசிபெல் உயர்ந்தது. அன்று மாலை என் காதுக்கு முன் விலகிய திரைச்சீலையின் பெரும்பகுதி இந்த 4 டெசிபெல்லே! பின்னர் பாட்டிசைக்கும் செயலியின் ஒலியளவைக் குறைத்து இரு பக்கத்தையும் சமமாக்கினோம்.

ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் என் மகள் துணித்திரைக்கு அப்பால் அமர்ந்து நாணயத்தைச் சுண்டினாள். தலை விழுந்தால் வசதியை இயக்குவாள். பூ விழுந்தால் நிறுத்துவாள். கேட்பவர் இது இயங்குகிறதா இல்லையா என்று சொல்லவேண்டும். ஆளுக்கு 16 முறை. வெறும் ஊகத்தாற் சொன்னாலும் 8 சரியாக வரக்கூடும். 12 அல்லது அதற்கு மேல் ஊகத்தால் வருவதற்குரிய நிகழ்தகவு நூற்றுக்கு நான்கிலுங் குறைவென மருமகனே கணித்துச் சொன்னான். எனவே 12 தான் சித்தியடையும் புள்ளி.

தொலைபேசியில் இருந்த வசதிகளைத் தனித்தனியே எடுத்தோம். முதலாவது, இழந்த நுணுக்கங்களை மீட்டுத் தரும் என்று கூறப்படுவது. மருமகனுக்கு 7 புள்ளி, எனக்கு 8. "அப்பா, இந்தக் காசைக் கேட்டிருந்தாலும் எட்டுத்தான் சொல்லியிருக்கும்" என்று மகள் திரைக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பாட்டைச் சுருக்கிச் சேமிக்கும்போது, காது கவனியாது விடத்தக்க பகுதிகளே தேர்ந்து நீக்கப்படுகின்றன. நீக்கியதை யந்திரம் பின்னர் ஊகித்து நிரப்பலாமேயன்றி மீட்டெடுத்தல் இயலாது. 1982 இல் வெளிவந்த இறுவட்டு ஒலியை ஒரு செக்கனுக்கு 44,100 முறை அளந்து பதிகிறது. 20,000 ஹேட்ஸ் வரையுள்ள மீடிறனைப் பதிய அதுவே போதும். அதற்கு மேல் மனிதர் காதுக்குக் கேளாது. நாற்பதைக் கடந்த என்னைப் போன்றோர்க்கு அந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. கேளாத பகுதிக்கு அலங்காரஞ் செய்து பயன் யாது?

இரண்டாவது, சூழ ஒலிக்கும் வசதி. இதில் இருவரும் 16 க்கு 16 பெற்றோம். இதன் அடிப்படை மெய்யான விஞ்ஞானமே. இடப்பக்கத்து ஒலி வலக்காதை அடையச் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கிலுங் குறைந்த நேரம் பிந்துகிறது; தலை மறைப்பதனால் சற்று மெலிந்தும் போகிறது. இவ்விரண்டையுங் கொண்டே திசையை அறிகிறோம் என்று ரேலி பிரபு 1907 இல் விளக்கினார். அப்பிந்துதலையும் மெலிதலையும் இன்றைய தொலைபேசி கணித்துச் செயற்கையாகத் தருகிறது. ஆயினும் வேறுபாடு வேறு, மேம்பாடு வேறு. திரைப்படத்தில் மழை பொழியுங் காட்சிக்கு அது அழகு செய்தது. கச்சேரிக்கோ, பாடகர் எழுந்துபோய் மண்டபத்தின் கோடியில் நின்று பாடுவது போலாயிற்று. எதை விரும்புகிறாய் என்று திரைமறைவில் கேட்டபோது, மருமகன் பெரும்பாலும் வசதியை நிறுத்திய பாட்டையே தெரிந்தான்.

மூன்றாவது, ஈக்குவலைசர் என வழங்குவது. பழைய வானொலிப் பெட்டியில் இருந்த குரல் திருத்தும் திருகாணியின் பேரப்பிள்ளை அது. ஒவ்வொரு மீடிறன் பகுதியையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும். மருமகனுடைய ஹெட்போனில் பதிவுப் பாடங்களைக் கேட்டால் ஆசிரியரின் குரல் மழுங்கியிருக்கும். மெய்யெழுத்துகளின் தெளிவுக்கு இன்றியமையாத 2,000 முதல் 4,000 ஹேட்ஸ் வரையுள்ள பகுதியை விட்டு, ஏனையவற்றைச் சிறிது தாழ்த்தினோம். தாழ்த்துவதே முறை. உயர்த்திக்கொண்டே போனால் ஒலியலையின் உச்சி வெட்டுண்டு கரகரக்கும். உரப்பைச் சமமாக்கிய பின்னரும் 14 புள்ளி வந்தது. சொற்கள் தெளிவாயின. இதுவே உண்மையான மேம்பாடு. ஆனால் அந்த ஈக்குவலைசர் அவனுடைய பழைய தொலைபேசியின் பாட்டுச் செயலியிலும் இருந்தது! அதுவரை அவன் அதனைத் திறந்து பார்த்ததில்லை.

இன்னுமொன்று கண்டோம். அவனது ஹெட்போனின் காதுமெத்தை ஒரு பக்கம் வெடித்திருந்தது. மெத்தை காதோடு பொருந்தாவிடில் தாழ்ந்த சுருதிகள் அவ்வழியே கசிந்துபோகும். மிருதங்கம் மெலிந்து கேட்டதற்குத் தொலைபேசி பொறுப்பன்று; அந்த வெடிப்பே காரணம். சிறு விலையில் புது மெத்தை ஒரு சோடி வாங்கிப் பொருத்தினோம்.

செவி கொடுக்கும் விலை

பணத்தினும் பெரிய விடயம் ஒன்று எஞ்சியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019 இல் பாதுகாப்பான கேட்டலுக்கு ஓர் அளவு வகுத்தன. வளர்ந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். சிறுவருக்கு அதே நேரம் 75 டெசிபெல். உரப்பு 3 டெசிபெல் கூடுந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். அப்படியாயின் அந்தப் பொத்தான் சொல்லாமற் கூட்டிய 4 டெசிபெல், 40 மணி நேரத்தை ஏறக்குறைய 16 மணி நேரமாகச் சுருக்கிவிடுகிறது. உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் காதொன்றுக்கு ஏறக்குறைய 15,000 உண்டு. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆதலால் பெற்றோரும் மாணவரும் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். ஒலி மேம்பாட்டு வசதி எதையும் இயக்கியவுடன் முதலில் உரப்பைக் குறைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். பின்னர் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டிலுள்ள ஒருவரை மாற்றி மாற்றி இயக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்பொழுதும் நன்றாயிருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அது உங்கள் சுவை. நன்றாயில்லையெனில் கடைக்குப் போகும் செலவு மிச்சம்.

தங்கையின் சீட்டுப் பணம் வகுப்புக்கே போயிற்று. இரவற் தொலைபேசியை நண்பனிடம் திருப்பிக் கொடுக்கப் புறப்படுகையில் மருமகன் வாசலில் நின்று, "மாமா, முதல் நாள் நீங்களே நல்ல வித்தியாசமெண்டு சொன்னீங்களே" என்று குறும்பாகக் கேட்டான்.

"அன்றைக்குக் கேட்டேன் தம்பி, பிறகுதானே விசாரித்தேன்" என்றேன்.